கேட்காமலே இணைத்த பிரதிகள்

அந்த விண்ணப்பப் படிவத்தில் பதினாறு கேள்விகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அடையாள அட்டையின் பிரதியைக் கேட்கவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். படிவத்தின் கொப்பி இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்த்துவிடுகிறேன். கேட்காததைக் கொடுத்தது நாங்கள். ஒழுங்காகச் சொல்லப்போனால், நான்.

என் தம்பி மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டு பஜாரைத் தொடுகிற முடக்கில், டிவி ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். மலை மறைப்பதால் எங்கள் பக்கம் சாதாரண அன்டனாவில் படம் விழாது. விழுந்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அவன் பாறைமேல் ஒரு டிஷ்ஷை நட்டு, அங்கிருந்து கறுப்பு வயரை மிளகுக்கொடி ஏறிய மரங்கள் வழியாக இழுத்து, தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்து லயங்களுக்கும் பஜாருக்கும் கேபிள் கொடுத்தான். தமிழ்நாட்டுச் சேனல்கள் வந்தன. ஒரு சேனல் வெறுமனே கிடந்தது. அதைச் சும்மா விட மனமில்லாமல் எங்களுடையதாக்கினான். கடையின் பின்னறையில் ஒரு கதிரை, ஒரு மேசை, சுவரை மறைக்க ஒரு நீலச் சேலை, முன்னால் கல்யாண வீட்டுப் படம் எடுக்கிற பழைய கமரா. பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஞாயிற்றுக்கிழமைகளில். பெயர்கூட வைக்கவில்லை. சனம் அதை நம்ம சேனல் என்றது.

கொழும்புச் செய்தியில் எங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. சம்பளப் பேச்சு நடந்தால் ஒரு வரி வரும், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. எங்களுக்குத் தெரியவேண்டியவை வேறு. பிள்ளைகளுக்கு ஊசி போடும் கிளினிக் எந்த நாள், மண் சரிந்து அடைபட்ட ரோட்டைத் திறந்துவிட்டார்களா, யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் கட்டிக்கிடக்கிறது, இந்த மாதிரி. கிளினிக் அறிவித்தலைச் சிங்களத்தில் மட்டும் ஒட்டிவிட்டு, தமிழ்ச் சனம் வரவில்லை என்று குறை எழுதிக்கொண்டு போகிற ஊர் இது. அதையெல்லாம் தமிழில் சொல்ல அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேதம், சாவுச் செய்தி. எங்கள் ஆட்களிடம் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டால் மன்னிப்புக் கிடைக்கும். சாவுக்குப் போகாமல் விட்டால் இரண்டு குடும்பமும் அதோடு சரி. முன்பு கேதம் சொல்ல ஓர் ஆள் மலைக்கு மலை நடப்பான். நடந்து சேர்வதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள். ஆகவே யாராவது செத்தால் மட்டும் ஞாயிறுவரை காத்திருக்காமல் எந்த நாளிலும் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் வாசித்துவிடுவோம். யார், எந்த லயம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்.

முதல் ஒரு வருடம் வாசித்தது நான்தான். தோட்டப் பாடசாலை டீச்சர், ழகரம் சுத்தம், என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அதிபர் கூப்பிட்டார்.

“டீச்சர், கவர்ன்மென்ட் உத்தியோகத்துல இருக்கிறவங்க பர்மிஷன் இல்லாம டிவியில வரக்கூடாது. எவனாவது பெட்டிசன் போட்டான்னா எனக்கும் சேர்த்துத்தான் வெட்டு விழும்.”

அடுத்த ஞாயிறிலிருந்து நான் போகவில்லை. அந்த நியமனக் கடிதத்தை வாங்க எத்தனை படி ஏறி இறங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதை ஒரு கமராவுக்கு முன்னால் தொலைக்க நான் தயாராக இல்லை. என் இடத்தில் தம்பியின் மனைவி உட்கார்ந்தாள்.

அவள் எங்கள் தாய்மாமன் மகள். எழுபத்தேழு கலவரத்தில் வீட்டை எரித்தபோது மாமா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனவர், திரும்பவில்லை. அவள் அங்கேயே பிறந்து அங்கேயே படித்தாள். பேச்சுவார்த்தை நடந்து பாதை திறந்திருந்த காலத்தில் இரண்டு குடும்பமும் போய்வந்து முறைப்படி பேசி, அவளைத் தம்பிக்குக் கட்டிவைத்தோம். என்னை மதினி என்பாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்.

அவள் வாசித்தால் சனம் அழுதது. நான் வாசித்த காலத்தில் யாரும் அழுததாக ஞாபகம் இல்லை, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பெண் என் காதில் விழும்படியே சொன்னாள்: “டீச்சர் வாசிச்சா பரீட்ச ரிசல்ட்டு சொல்ற மாதிரி இருக்கும். இந்தப் புள்ள வாசிச்சா நம்ம வூட்டுச் சாவு மாதிரி இருக்கு.” எனக்குச் சுருக்கென்றது. பொறாமை இல்லை என்று நான் இங்கே எழுதினால் அது பொய்.

வடக்கில் மறுபடி சண்டை தொடங்கியது. மாத்தளை டவுனுக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, வரிசையில் விட்டு ஆமியும் பொலிஸும் அடையாள அட்டை பார்த்தார்கள். அவளுடைய அட்டையில் விலாசம் கிளிநொச்சி, புலிகளின் கையிலிருந்த ஊர். மாற்ற வேண்டுமென்றால் அங்கத்தைய கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும். அங்கே போகப் பாதை இல்லை. ஆகவே அவள் தோட்டத்தை விட்டு வெளியே போவதையே நிறுத்திக்கொண்டாள். டவுனில் வாங்க வேண்டியதெல்லாம் நான் வாங்கி வந்தேன். வெளி மாவட்டத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்களைப் பொலிஸில் பதியச் சொன்னபோது தம்பி வாயைத் திறக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்தவள் விருந்தாளி இல்லையே என்றான்.

மிச்சம் இருந்தது அவளுடைய பேச்சு. அவள் “வாங்கோ” என்பாள், “இருக்கினம்” என்பாள். ஒரு வார்த்தை போதும், ஊர் தெரிந்துவிடும். ஆகவே நான் அவளைக் குசினியில் உட்காரவைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்தேன்.

“வாங்கோ இல்ல புள்ள. வாங்க.”

“சரி மதினி. வாங்க.” சிரித்தாள். “அம்மா கேட்டா, மலைநாட்டுக்குப் போய் மலையாவே மாறிட்டியோ எண்டு கேப்பா.”

“எண்டு இல்ல. ன்னு.”

இரண்டு மாதத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொலிஸ் நிலையத்திலும் தம்பியின் கேபிள்தான் ஓடியது, கிரிக்கெட் பார்க்க. அவர்கள் அவளைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டிவிக்கடைக்காரனின் பெண்சாதி, அவ்வளவுதான் அவர்களுக்கு. என் வேலையில் எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சமயத்தில் கண்டிப் பக்கமிருந்து ஒரு பெரிய கேபிள் கம்பெனி ரோட்டோரமாகக் கம்பம் நட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தது. எங்கள் முடக்கை அடைந்ததும் அவர்களுடைய ஆட்கள் தம்பியின் வயரை மூன்று இடத்தில் வெட்டினார்கள். அவன் பொலிஸில் போய்ச் சொன்னான். சார்ஜன்ட் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “உன்கிட்ட லைசன் இருக்கா?” இல்லை. எங்களுக்கு லைசன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவன் வெட்டிய வயரைத் திரும்ப முறுக்கிவிட்டு, அடுத்த வெட்டுக்குக் காத்திருந்தான்.

அப்போதுதான் பேப்பரில் ஒரு மூலையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ஏற்கெனவே நடந்துவருகிற சிறிய சமுதாயத் தொலைக்காட்சிகளைப் பெரிய நிறுவனங்களிடமிருந்து பாதுகாக்கப் புதிய சட்ட ஏற்பாடு, பதிந்து அனுமதிப் பத்திரம் எடுத்தால் அந்த எல்லைக்குள் வேறு யாரும் கை வைக்க முடியாது. நான் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். தம்பி மூன்று தடவை வாசித்தான். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் ஆட்கள் எத்தனை அரசாங்கங்களின் வாயால் கேட்டிருக்கிறோம். இருந்தும் ஒவ்வொரு தடவையும் முதல்தடவை கேட்பவர்கள்போல வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றேன்.

படிவத்தைக் கொழும்பிலிருந்து தருவித்தோம். நிரப்பியது நான். தம்பிக்கு எழுத்து வேலை ஆகாது. நிலையத்தின் பெயர், எல்லை, உபகரணங்கள், எத்தனை வீடுகள், என்ன நிகழ்ச்சிகள். பதினாலாவது கேள்வி: பணிபுரிவோரின் பெயரும் பணியும். அவ்வளவுதான். பெயர், பணி. இரண்டு கட்டங்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு புத்தியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதியபோது மாத்தளைக் கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்திலிருந்து, நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை அவருடைய அப்பாவின் பிறப்புப் பதிவு இல்லை, ஒருமுறை அம்மாவின் விவாகப் பதிவு இல்லை, ஒருமுறை இரண்டும் இருந்தது, ஆனால் பெயரில் ஓர் எழுத்து வேறு. ஐந்தாம் தடவை அவர் ஒரு ரெக்சின் பை நிறையக் கடதாசியோடு போனார். அதோடு அந்தப் பை எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள் ஆகிவிட்டது. எங்கள் வீடு மட்டுமல்ல, லயத்தில் எந்த வீட்டையும் கேட்டுப்பாருங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் பாட்டனின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோவோம். மற்றவர்கள் ஒரு கடதாசியோடு போகிற இடத்துக்கு நாங்கள் எட்டோடு போவோம். கேட்கும் முன்னாலேயே கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நம்புவோம்.

ஆகவே நான் இணைத்தேன். கோயில் கமிட்டியின் கடிதம், தேவாலயத்துச் சுவாமியின் கடிதம், தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து ஒன்று, கடைப் பதிவு, தம்பியின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும், அப்பாவின் பிரஜாவுரிமை, கமரா பிடிப்பவரின் அடையாள அட்டை, வயர் இழுப்பவரின் அடையாள அட்டை. எல்லாவற்றையும் டவுனில் போட்டோ கொப்பி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் உண்மைப் பிரதி என்று சமாதான நீதவானின் முத்திரை குத்தி வாங்கினேன். முப்பத்தொரு பக்கம். இவ்வளவு வடிவான கோப்பு கொழும்பில் அந்த அரசாங்கக் கந்தோருக்கு இதுவரை போயிருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய அட்டைக்கு வந்தபோது மட்டும் தம்பி தயங்கினான்.

“அக்கா, இதையும் வைக்கணுமா?”

“எல்லாரோடதும் வச்சிட்டு அவளோடத மட்டும் வைக்காட்டி, அதுதான் சந்தேகம்.”

“அவங்க கேக்கலியேக்கா.”

“இன்னைக்கு கேக்க மாட்டான். ரெண்டு மாசம் கழிச்சு, அது இல்ல இது இல்லன்னு திருப்பி அனுப்புவான். அதுக்குள்ள கம்பெனிக்காரன் வந்து ஒக்காந்துருவான். அப்பாவ எத்தன தடவ அனுப்பினாங்கன்னு மறந்துட்டியா?”

அவன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பதினாலாவது கேள்வியைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “அப்ப வாசிக்கிறவங்கன்னு உங்க பேரப் போட்டுருங்களேன். மொத வருசம் நீங்கதானே வாசிச்சீங்க.”

“நான் கவர்ன்மென்ட் வேலையில இருக்கேன். என் பேரு இதுல ஒரு எடத்துலயும் வரக்கூடாது. அதோட இப்ப நானா வாசிக்கிறேன்? பொய் எழுதச் சொல்றியா?”

பொய் எழுத மாட்டேன் என்று அவ்வளவு நிமிர்ந்து சொன்னேன். அந்தக் குரலில் நேர்மை எவ்வளவு, கொழுந்து மடுவத்துப் பேச்சு எவ்வளவு என்று பிறகு பல வருடம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சரியாகப் பிரியவில்லை.

அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய், அட்டையை எடுத்து வந்து, அதன்மேல் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினாள். “மதினி செஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்றாள். பதினாலாவது கேள்வியில் அவளுடைய முழுப் பெயரையும், பக்கத்தில் அறிவிப்பாளர் என்றும், என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் என் குவார்ட்டஸில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே நம்ம சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கிளினிக் நாள், பிறகு தண்ணீர்க் குழாய் வேலை, பிறகு கேதம். மேல் லயத்தில் ஒரு பழைய கங்காணியின் சம்சாரம் இறந்திருந்தார். இறந்தவரின் பெயரை வாசித்தாள், பிள்ளைகளின் பெயர்களை வாசித்தாள். “அன்னாரின் பூதவுடல் நாளை” என்றவள் பக்கவாட்டில் பார்த்தாள். யாரோ ஏதோ கேட்டது காதில் விழுந்தது, சிங்களத்தில். அவள் “ஓம்” என்றாள். நாங்கள் பழக்கிய “ஆமாங்க” இல்லை. பயத்தில் பழைய சொல் வந்துவிட்டது. எழுந்தாள். கையிலிருந்த தாளை மேசைமேல் நேராக வைத்தாள். பிறகு திரையில் அவள் இல்லை.

கதிரை இருந்தது. பின்னால் நீலச் சேலை இருந்தது. யாரும் கமராவை நிறுத்தவில்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். வழியில் ஒவ்வொரு லயத்திலும் கதவு திறந்துகிடந்தது, ஒவ்வொரு வீட்டு டிவியிலும் அதே வெறும் கதிரை. சனம் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் திரும்பி வந்து நேரத்தைச் சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

நான் கடைக்குப் போனபோது ஜீப் போய்விட்டிருந்தது. தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். கொழும்பிலிருந்து இரண்டு பேர், இங்கத்தைய சார்ஜன்ட், ஒரு பெண் கொன்ஸ்தாபிள். அவர்களுடைய கையில் ஒரு தாள் இருந்ததாம். தம்பி அதைப் பார்த்துவிட்டான். சமாதான நீதவானின் முத்திரை, அதற்குமேல் அவளுடைய அட்டை, ஓரத்தில் பக்க எண். அந்த எண்ணைப் போட்டதும் நான்தான். கோப்பு ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு எப்படிப் போனது, யார் யாரிடம் கேட்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கிளிநொச்சி விலாசம் உள்ள ஒருத்தி மலைநாட்டில் ஒரு தொலைக்காட்சியில் ஊருக்கு அறிவித்தல் வாசிக்கிறாள் என்பது அந்த நாட்களில் எவர் கண்ணையும் உறுத்தியிருக்கும்.

நான் பின்னறைக்குப் போய்க் கமராவை நிறுத்தினேன். வெளியே வந்தால் மேல் லயத்துப் பெண்கள் மூன்று பேர் நிற்கிறார்கள்.

“எத்தன மணிக்கு எடுக்கிறாங்க டீச்சர்?”

எனக்கு வந்த கோபத்தில் கன்னத்தில் அறைந்திருப்பேன். பிறகு உள்ளே போய் அவள் வைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்து, பதினொரு மணி என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள்மேல் என்ன குற்றம்? அவர்களுக்குச் சாவு வீட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்த நாள் சார்ஜன்ட் கடைக்கு வந்தார், சீருடை இல்லாமல். “நாங்க ஒண்ணும் செய்யல தம்பி” என்று சிங்களத்தில் சொன்னார். “மேலேருந்து வந்தது. அந்தத் தாள் இல்லாட்டி எங்களுக்கே தெரியாது. அது யாரு இவ்வளவு விவரமா எழுதினது?” தம்பி என்னைப் பார்க்கவில்லை. நான் மேசைமேல் கிடந்த கேதத் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மாத்தளை, பிறகு கொழும்பு, பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாம். ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு நான் போகாத கந்தோர் இல்லை. விவாகப் பதிவு, பிறப்புப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், சுவாமியின் கடிதம், எல்லாம் கொண்டுபோனேன். ஒருவரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. கேட்காமல் கொடுத்த ஒரு தாளை அத்தனை கவனமாக வாசித்தவர்கள், கெஞ்சிக்கொண்டு நீட்டிய எண்பது தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. விசாரணை நடக்கிறது, போய்வாருங்கள். அவள்மேல் ஒரு வழக்கும் இல்லை என்றார்கள். வழக்கு இல்லாததால் விடுதலை செய்யவும் வழி இல்லையாம். அதைச் சொன்னவர் எனக்கு ஒரு கதிரை போட்டு உட்காரவைத்து, மிக மரியாதையாகச் சொன்னார்.

அவளைக் கொண்டுபோய் இரண்டு மாதத்தில் பதிவுத் தபாலில் அனுமதிப் பத்திரம் வந்தது. நல்ல தடித்த கடதாசி, மேலே அரசாங்க இலச்சினை. பின்னிணைப்பில் பணிபுரிவோரின் பட்டியல், நான் எழுதிய ஒழுங்கிலேயே. நாலாவது பெயர் அவளுடையது, பக்கத்தில் அறிவிப்பாளர். ஒரு பக்கம் அவளைப் பூட்டிவைத்தார்கள், மறுபக்கம் அவளுக்கு உத்தியோகம் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது என்னவென்றால், அந்தச் சட்டம் சொன்னதைச் செய்தது. ஒரு கடிதம் போனதும் கண்டிக் கம்பெனி தன் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனது. வயரை யாரும் வெட்டவில்லை. அந்தப் பாறையில் இருந்த டிஷ், மிளகு மரத்தில் தொங்கிய வயர், பின்னறைக் கமரா, எல்லாவற்றையும் நாட்டின் சட்டம் பத்திரமாகப் பாதுகாத்தது. கதிரையில் உட்கார்ந்திருந்தவளைப் பாதுகாப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, இருந்திருக்கவும் நியாயமில்லை. நாங்கள்தான் தொலைக்காட்சி என்றால் அவளும் சேர்த்தி என்று நினைத்துவிட்டோம்.

அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாரம் ஒரு மணி நேரமாவது சமுதாயத்துக்கான ஒளிபரப்பு நடக்க வேண்டும். தம்பி பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவளைக் கொண்டுபோன பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல்தடவை.

“இப்ப லைசன் இருக்குக்கா. எல்லாம் சட்டப்படி. நீங்க எழுதிக் கேட்டா பர்மிஷன் குடுப்பாங்க. அவ வர்ற வரைக்கும் நீங்க வாசிங்க. சேனல் நின்னுருச்சின்னா அவ வந்து என்னத்த செய்வா?”

நான் கீழே பார்த்தேன். “பென்சனுக்கு இன்னும் ஆறு வருசம்தான் இருக்கு. இந்த நேரத்துல, அதுவும் அவ விசாரணையில இருக்கிறப்போ, என் பேரு அதுல வந்துச்சின்னா...”

அவன் முழுதும் கேட்கவில்லை. பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு டிவியைப் போட்டேன். கதிரைமேல், கண்ணாடிச் சட்டம் போட்ட அனுமதிப் பத்திரம் நின்றது. வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேரம் அதுவே. அடுத்த வாரமும் அதுவே. லயத்துச் சனம் முதல் இரண்டு வாரம் பார்த்தது. மூன்றாவது வாரம் எல்லோரும் தமிழ்நாட்டுச் சேனல் நாடகத்துக்குப் போய்விட்டார்கள். கேதம் சொல்ல மறுபடி ஆள் மலையேறி நடந்தான். தம்பி ஏழு எட்டு மாதம் விடாமல் அந்தக் கதிரையையும் சட்டத்தையும் ஒளிபரப்பினான். யாரோ எழுதிப்போட்டிருக்க வேண்டும். நிகழ்ச்சி நிபந்தனைக்கு அமையவில்லை என்று ஒரு கடிதம் வந்தது, பிறகு ரத்து என்று இன்னொன்று. கம்பெனி திரும்ப ஏறி வந்தபோது அவனே நின்று வயரைச் சுருட்டிக் கொடுத்தான்.

சண்டை முடிந்தது என்று பஜாரில் வெடி கொளுத்தி, பாற்சோறு கொடுத்தார்கள். அந்த வருடத்தின் கடைசியில் அவளை விட்டார்கள். காரணம் சொல்லாமல் கொண்டுபோனதுபோலவே காரணம் சொல்லாமல். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கே என்று அந்தக் கடைசிச் சண்டைக்குப் பிறகு அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வந்து மூன்றாம் நாள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், முன் தலையில் நரை. நான் அழுதேன், அவள் அழவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிறகு கேட்டாள்.

“மதினி, அந்த ஃபைலின்ட கொப்பி உங்களிட்ட இருக்குமே. ஒருக்காப் பாக்கலாமோ?”

பழைய பேச்சு. இனி அதை மறைக்க அவளுக்கு மனமில்லை. திருத்துவதற்கு எனக்கு என்ன வாய் இருக்கிறது? அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கோயில் கடிதம். சுவாமியின் கடிதம். தம்பியின் அட்டை. கமராக்காரரின் அட்டை. வயர்க்காரரின் அட்டை. அவளுடைய அட்டை. முப்பத்தொரு பக்கமும் பார்த்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

“உங்கட அட்டை இல்லையே மதினி.”

“நான் கவர்ன்மென்ட் வேலையில...” என்று தொடங்கினேன்.

அவள் தலையாட்டினாள். கோபமாகக்கூட இல்லை. “அப்ப உங்களுக்கு, விட வேண்டியதை விடத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு” என்றாள்.

கோப்பின் பின்னைக் கழற்றி, தன்னுடைய பக்கத்தை மட்டும் எடுத்து நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். மீதியை அடுக்கி, ஓரம் தட்டி, பின்னைத் திரும்பப் போட்டு என் கையில் தந்துவிட்டு இறங்கிப் போனாள். அந்தக் கோப்பில் இப்போது எங்கள் இரண்டு பேருடைய அட்டையும் இல்லை.